ஆர். சிவபோகம்

ஆர். சிவபோகம் (ஜூலை 23, 1907 - ஜூன் 14, 1966) இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆவார். சென்னையைச் சேர்ந்த இவர் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர். அதனாலேயே தொழிலில் பதிவு பெற முடியாத நிலை வந்தபோது வழக்காடி வென்றவர். 1937 ஆம் ஆண்டு முதல் தனித்துத் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். இத்தகைய வட்டார மன்றம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் இவரே.

இந்தியாவில் கணக்காளர் தொழிலின் ஒழுங்குமுறை வல்லுநர் குழுக்களின் ஆலோசனைகளின் வழியே படிப்படியாக உருவானது. 1932 ஆம் ஆண்டின் இந்தியக் கணக்கியல் வாரியம், 1948 ஆம் ஆண்டின் வல்லுநர் குழு, 1952 இல் தொடங்கிய வட்டார மன்றம் ஆகியன இவ்வரிசையில் அடங்கும். சிவபோகத்தின் தொழில் வாழ்க்கை இந்த மூன்று கட்டங்களையும் கடந்து சென்றது. தொடக்கத்தில் விதிகளால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே தொழிலின் ஆலோசனை மன்றத்துக்குத் தலைவரானார் என்பது இவரது வரலாற்றின் சிறப்பு ஆகும்.

பிறப்பும் கல்வியும்

சிவபோகம் 1907 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் பிறந்தார். திருவல்லிக்கேணியில் உள்ள லேடி வெலிங்டன் பள்ளியில் பயின்றார். இப்பள்ளி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியோடு இணைந்து 1922 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகும். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சமூகச் சீர்திருத்தவாதியான சகோதரி ஆர். எஸ். சுப்புலட்சுமி (1886 - 1969). குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்த சுப்புலட்சுமி, பிற்காலத்தில் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்களின் கல்விக்காக 1912 இல் சாரதா இல்லத்தை நிறுவியவர். சிவபோகத்தின் இளமைக்கால எண்ணங்களில் இவருடைய செல்வாக்கு மிகுதியாக இருந்தது.

பள்ளிப் படிப்புக்குப் பின் சிவபோகம் சென்னைக் கடற்கரையில் அமைந்துள்ள இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். 1914 இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி சென்னை மாகாணத்தில் பெண்களின் உயர்கல்விக்கு முன்னோடியாக விளங்கியது. அக்காலத்தில் பட்டம் பெற்ற பெண்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாகவோ மருத்துவர்களாகவோ ஆயினர். வணிக நிறுவனங்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் தொழிலில் பெண்கள் எவரும் இருக்கவில்லை.

விடுதலைப் போராட்டம்

சிவபோகம் காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர். சுதேசி இயக்கத்தில் சேர்ந்து அயல்நாட்டுத் துணி எதிர்ப்பில் கலந்து கொண்டார். சென்னை மாகாணத்தில் ருக்மிணி லட்சுமிபதி, துர்காபாய், எஸ். அம்புஜம்மாள் போன்ற பெண்கள் போராட்டத்தில் முன்னின்று சிறை சென்ற காலம் அது. சிவபோகமும் கைது செய்யப்பட்டு ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

சிறையில் இருந்தபோதே கணக்காளர் ஆவது என்று இவர் முடிவு செய்தார். விடுதலை பெற்றபின் அத்தொழிலுக்குரிய பயிற்சியில் சேர்ந்தார். சிறை வாழ்க்கை இவருக்குத் தொழிலுக்கான தூண்டுதலைத் தந்தது. ஆனால் அதே சிறை வாழ்க்கை பின்னர் அத்தொழிலில் நுழையத் தடையாகவும் நின்றது.

அக்காலத்தில் கணக்காளர் தொழில்

சிவபோகம் எதிர்கொண்ட தடையைப் புரிந்துகொள்ள அக்கால விதிமுறைகளை அறிவது தேவையாகும்.

1913 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம் 1914 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வோருக்குத் தகுதி வேண்டும் என்று இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் வகுத்தது இதுவே. தணிக்கைச் சான்றிதழ்களை அந்தந்த மாகாண அரசுகள் வழங்கின. கட்டுப்பாடற்ற சான்றிதழ் பெற்றவர் பிரித்தானிய இந்தியா முழுவதும் தொழில் செய்யலாம். கட்டுப்பாட்டுடன் கூடிய சான்றிதழ் பெற்றவர் குறிப்பிட்ட மாகாணத்துக்குள் மட்டுமே தொழில் செய்யலாம்.

1918 ஆம் ஆண்டு பம்பாய் அரசு கணக்கியலுக்கான அரசுப் பட்டயம் ஒன்றை ஏற்படுத்தியது. இது சுருக்கமாக ஜி.டி.ஏ. எனப்பட்டது. தேர்வில் தேறுவதோடு, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெறுவதும் இதற்குக் கட்டாயம். இப்பட்டயம் பெற்றவர்கள் கட்டுப்பாடற்ற சான்றிதழுக்குத் தகுதி பெற்றனர். 1943 இல் இப்பட்டயத் தேர்வு கைவிடப்பட்டது.

மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட முறை குறைபாடு உடையது என்பது விரைவில் உணரப்பட்டது. கணக்காளர்களும் தங்களுக்குள் அமைப்புகளை உருவாக்கிக் கொள்ளத் தொடங்கினர். சென்னையில் 1927 ஆம் ஆண்டு தணிக்கையாளர் சங்கம் தோன்றியது. 1930 இல் கம்பெனிகள் சட்டம் திருத்தப்பட்டு, தணிக்கையாளருக்குச் சான்றிதழ் தரும் அதிகாரம் மாகாண அரசுகளிடமிருந்து நடுவண் அரசுக்கு மாற்றப்பட்டது. கணக்காளர் பதிவேடு ஒன்றைப் பேணவும் முடிவு செய்யப்பட்டது. அப்பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் பதிவுபெற்ற கணக்காளர்கள் எனப்பட்டனர்.

இந்தியக் கணக்கியல் வாரியம்

1932 ஆம் ஆண்டின் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின்படி இந்தியக் கணக்கியல் வாரியம் அமைக்கப்பட்டது. கணக்கியல் தொடர்பான பொருள்களில் அரசுக்கு ஆலோசனை கூறுவதும், தணிக்கையாளர்களின் தகுதி, நடத்தை ஆகியவற்றின் தரத்தைக் காப்பதில் அரசுக்கு உதவுவதும் இதன் பணிகள். தொழில் அறிந்தவர்கள் இதில் இடம் பெற்றனர். எனினும் இது ஓர் ஆலோசனை அமைப்பு மட்டுமே. முடிவு செய்யும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

யார் கணக்காளர் ஆகலாம், எத்தகைய நடத்தை தகுதிக்குறைவு எனக் கருதப்படும் ஆகிய கேள்விகளுக்கு அயலாட்சி அரசே இறுதி விடை தந்தது. அந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றவர் அதே அரசின் பதிவேட்டில் இடம் பெற வேண்டிய நிலையில் இருந்தார். சிவபோகத்தின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

பயிற்சியும் தேர்ச்சியும்

சிவபோகம் சென்னையின் முன்னணித் தணிக்கையாளர்களில் ஒருவரான சி. எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்றார். இப்பயிற்சி முறையில் பயிற்சியாளர் ஒருவர் தம் ஆசிரியரின் அலுவலகத்தில் அமர்ந்து வேலையைச் செய்தே கற்றுக் கொள்வார். குறிப்பேட்டில் எழுதப்பட்ட வரவு செலவுகளை வவுச்சர்களோடு ஒப்பிடுதல், பேரேட்டுக் கூட்டல்களைச் சரிபார்த்தல், கையிருப்பையும் சரக்கிருப்பையும் கணக்கோடு பொருத்திப் பார்த்தல், முடிவில் இலாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் ஆராய்தல் என்பன இதில் அடங்கும். தணிக்கை செய்யப்படும் நிறுவனங்களின் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் நேரில் செல்ல வேண்டியிருக்கும். அக்காலத்தில் அவை பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே பணிபுரிந்த இடங்களாகும்.

1933 ஆம் ஆண்டு சிவபோகம் ஜி.டி.ஏ. தேர்வில் தேறினார். இத்தேர்வில் தேறிய முதல் பெண் இவரே. இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்று இவர் குறிக்கப்படுவது இதனாலாகும். பட்டயக் கணக்கறிஞர் என்ற பெயர் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியாவில் வந்தது. ஆகவே 1933 ஐ ஒட்டி இவரைக் குறிக்கும்போது கணக்காளர் என்பதே பொருத்தமான சொல் ஆகும். பேச்சு வழக்கில் தமிழ்நாட்டில் இத்தொழிலர் அன்றும் இன்றும் ஆடிட்டர் என்றே அழைக்கப்படுகின்றனர்.

பதிவுத் தடையும் வழக்கும்

தேர்ச்சி பெற்ற பின்னும் சிவபோகத்தால் உடனே தொழில் தொடங்க இயலவில்லை. சிறைத் தண்டனை பெற்றவர்கள் கணக்காளராகப் பதிவு பெற அன்றைய விதிகள் தடையாக இருந்தன. பிறர் பணத்துக்குச் சான்று சொல்பவர் குற்றம் புரிந்தவராக இருத்தல் கூடாது என்பது இத்தகைய விதிகளின் பொதுவான அடிப்படை. ஆனால் மோசடி செய்து சிறை சென்றவரையும், நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவரையும் இத்தடை ஒரே தட்டில் வைத்தது.

சிவபோகம் இத்தடையை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினார். வழக்கில் இவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. அதன்பின் கணக்காளராகப் பதிவு பெறும் வழி திறந்தது.

பிற்காலத்தில் இயற்றப்பட்ட 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கறிஞர் சட்டம் இப்பொருளை எவ்வாறு கையாண்டது என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது. அச்சட்டத்தின் 8 ஆவது பிரிவு பதிவேட்டில் பெயர் இடம்பெறத் தகுதியற்றவர்களைப் பட்டியலிடுகிறது. சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தைப் பொருத்தவரை, அது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாக இருந்தாலே தடையாகும் என்று அப்பிரிவு வரையறுத்தது. தொழில் செய்யும் நிலையில் புரிந்த குற்றமும், அது வெறும் நடைமுறைத் தவறாக இல்லாதபோது, தடையாகும். மன்னிப்புப் பெற்றவருக்கும், நடுவண் அரசு தகுதியின்மையை நீக்கியவருக்கும் விலக்கு உண்டு. சிறை சென்றார் என்பதை விட எதற்காகச் சென்றார் என்பதே இங்கு அளவுகோல் ஆனது.

தனித் தொழில்

1937 ஆம் ஆண்டு சிவபோகம் சென்னையில் தம் பெயரில் தணிக்கைத் தொழிலைத் தொடங்கினார். அவ்வாண்டில்தான் சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரியார் தலைமையில் காங்கிரசு அமைச்சரவை பதவி ஏற்றது. சிறை சென்றவர்கள் சட்டமன்றத்தில் அமர்ந்த அதே ஆண்டில், சிறை சென்ற பெண் ஒருவர் தணிக்கையாளராகக் கையொப்பமிடத் தொடங்கினார்.

தணிக்கைத் தொழில் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனியின் பங்குதாரர், கடன் கொடுத்தவர், வரி அலுவலர் ஆகிய மூவரும் தணிக்கையாளரின் கையொப்பத்தைக் கொண்டே கணக்கை ஏற்கின்றனர். பெண் ஒருவரின் கையொப்பம் அதுவரை இந்தியாவில் எந்தக் கம்பெனிக் கணக்கின் கீழும் தணிக்கையாளர் என்ற முறையில் இடம் பெற்றிருக்கவில்லை. சிவபோகம் எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். கதர் ஆடையே உடுத்தினார். பெண்கள் இத்தொழிலுக்கு வருவதை ஊக்குவித்தார்.

கழகத்தின் தோற்றம்

விடுதலைக்குப் பின் கணக்காளர் தொழிலை ஆராய 1948 ஆம் ஆண்டு ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. கணக்காளர்கள் தங்களைத் தாங்களே நெறிப்படுத்திக் கொள்ளத் தன்னாட்சி உடைய தனி அமைப்பு வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்றது. பட்டயக் கணக்கறிஞர் சட்டம் 1949 இல் இயற்றப்பட்டு, ஜூலை 1, 1949 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே இந்தியப் பட்டயக் கணக்கறிஞர் கழகம் தோன்றியது. ஜி. பி. கபாடியா இதன் முதல் தலைவர் ஆனார். இந்நாள் இன்றும் இந்தியாவில் பட்டயக் கணக்கறிஞர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இதனால் ஏற்பட்ட மாற்றம் அடிப்படையானது. 1932 ஆம் ஆண்டின் வாரியம் அரசுக்கு ஆலோசனை கூறியது. அரசு முடிவு செய்தது. 1949 க்குப் பின் உறுப்பினர்களால் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மையக்குழு, தேர்வு நடத்துதல், பதிவேடு பேணுதல், ஒழுங்கு நடவடிக்கை எடுத்தல் ஆகியவற்றைத் தானே மேற்கொண்டது.

சிவபோகத்தின் ஆசிரியர் சி. எஸ். சாஸ்திரி தென்னிந்தியாவிலிருந்து முதல் மையக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர். கழகத்துக்கு ஒரு சின்னம் வேண்டுமென இவர் புதுச்சேரியில் இருந்த அரவிந்தரைக் கேட்டுக் கொண்டார். நடுவில் கருடனும், உறங்குவோரிடையே விழித்திருக்கும் பரம்பொருளைக் குறிக்கும் கட உபநிடதத் தொடரும் அமைந்த சின்னத்தை அரவிந்தர் வழங்கினார்.

தென்னிந்திய வட்டார மன்றத் தலைமை

1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு, மையக்குழுவுக்கு அதன் பணிகளில் ஆலோசனை கூறவும் உதவவும் வட்டார மன்றங்களை அமைக்க வழி செய்கிறது. அதாவது வட்டார மன்றம் என்பது சட்டப்படி ஓர் ஆலோசனை அமைப்பு. ஆனால் பழைய வாரியத்தைப் போல் அரசுக்கு அன்றி, தொழிலர்களே நடத்தும் மையக்குழுவுக்கு இது ஆலோசனை கூறுகிறது. தென்னிந்திய வட்டார மன்றம் 1952 இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

சிவபோகம் 1955 முதல் 1958 வரை மூன்று ஆண்டுகள் இம்மன்றத்தின் தலைவராக இருந்தார். இக்காலம் தென்னிந்தியத் தணிக்கையாளர்களுக்கு மாற்றங்கள் மிகுந்த காலமாகும்.

* புதிய கம்பெனிகள் சட்டம்: சி. எச். பாபா தலைமையிலான குழு 1952 இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் அமைந்த 1956 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஏப்ரல் 1, 1956 அன்று நடைமுறைக்கு வந்தது. கணக்குகள் உண்மையாகவும் சரியாகவும் உள்ளனவா என்று கூறி வந்த தணிக்கையாளர், இனி அவை நிறுவனத்தின் நிலையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றனவா என்று கூற வேண்டியதாயிற்று. எண்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. படிப்பவருக்கு அவை தவறான எண்ணத்தைத் தரக்கூடாது என்பது இம்மாற்றத்தின் பொருள்.

* மாநில எல்லை மாற்றம்: நவம்பர் 1, 1956 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. கேரளம், மைசூர், ஆந்திரப் பிரதேசம், சென்னை ஆகிய மாநிலங்கள் புதிய எல்லைகளைப் பெற்றன. வட்டார மன்றத்தின் ஆட்சிப்பகுதி இம்மாநிலங்கள் எல்லாவற்றையும் தழுவியதாக இருந்தது.

* புதிய நாணய முறை: ஏப்ரல் 1, 1957 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்பது கணக்கு. அதாவது ஒரு ரூபாய்க்கு 192 பை. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 புதிய பைசா என ஆனது. ஓர் அணா 6.25 புதிய பைசாவுக்குச் சமம் என்பதால், பழைய நிலுவைகளை மாற்றி எழுதும்போது பின்னங்களைக் கையாள வேண்டியிருந்தது. பேரேடுகளில் ரூபாய், அணா, பை என்று இருந்த மூன்று பத்திகள் இரண்டாகக் குறைந்தன.

* புதிய வரிகள்: பொருளியல் அறிஞர் நிக்கோலசு கால்டரின் 1956 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1957 இல் செல்வ வரியும் செலவு வரியும், 1958 இல் கொடை வரியும் விதிக்கப்பட்டன. செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டு வந்த நிதியமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆவார்.

இத்தகைய காலத்தில் உறுப்பினர்களின் ஐயங்களையும் கருத்துகளையும் திரட்டி மையக்குழுவுக்கு எடுத்துச் சொல்வது வட்டார மன்றத்தின் பொறுப்பாகும். அப்பொறுப்பின் தலைமையில் ஒரு பெண் இருந்தது அன்று இந்தியாவில் வேறெந்த வட்டாரத்திலும் காணப்படாதது.

பெண்களுக்கான பரிசு

1956 ஆம் ஆண்டு சிவபோகம் ஒரு பரிசை நிறுவினார். பட்டயக் கணக்கறிஞர் இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் பெண்களுள் சிறந்தவருக்கு இது வழங்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இறுதித் தேர்வை முதல் முயற்சியில் கடப்பது அன்றும் இன்றும் அரிதானது. அத்தேர்வை எழுதிய பெண்களே விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலத்தில், அவர்களுக்கெனத் தனிப் பரிசு வைத்தது எதிர்காலத்தை நோக்கிய செயலாகும்.

சகோதரி சுப்புலட்சுமியும் தாம்பரம் பகுதியும்

சிவபோகத்தின் பணிக்களம் சென்னை நகரம். அவருடைய வழிகாட்டியான சகோதரி சுப்புலட்சுமியின் பிற்காலப் பணிகளில் ஒன்று நகரின் தெற்கே, தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் அமைந்தது. 1954 ஆம் ஆண்டு அங்கு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் ஒன்று உருவாக இவர் துணை நின்றார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். அன்று சிற்றூராக இருந்த மாடம்பாக்கம் 2021 ஆம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது. ஆசிரியை அரசுப் பணியில் இருந்துகொண்டு கல்வியின் வழியே பெண்களுக்கு வழி திறந்தார். மாணவி சிறை சென்றும் வழக்காடியும் வழி திறந்தார்.

சிவபோகம் தொழில் செய்த ஆண்டுகளில் தென்சென்னைப் புறநகரின் தோற்றமும் மாறியது. 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. குரோம்பேட்டை தன் பெயரையே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியிடமிருந்து பெற்றது. 1949 இல் அவ்வூரில் சி. இராசம் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலை எதுவாயினும், கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டால் ஆண்டுதோறும் தகுதி பெற்ற தணிக்கையாளரின் சான்று அதற்குத் தேவை. ஏரியும் வயலுமாக இருந்த பகுதி தொழில் வட்டாரமாக மாறியபோது கணக்காளர்களின் தேவையும் கூடவே பெருகியது.

பிற நாடுகளோடும் பிற துறைகளோடும் ஒப்பீடு

பெண்கள் கணக்காளர் தொழிலில் நுழைவதற்குப் பிற நாடுகளிலும் தடைகள் இருந்தன. இங்கிலாந்தின் மேரி ஹாரிசு சுமித், பட்டயக் கணக்கறிஞர் கழகத்தில் சேர 1891 இல் விண்ணப்பித்தார். பெண் என்பதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பால் அடிப்படையிலான தகுதியின்மையை நீக்கும் சட்டம் 1919 இல் வந்தபிறகு, 1920 இல் அவர் ஏற்றுக் கொள்ளப்பட்டு உலகின் முதல் பெண் பட்டயக் கணக்கறிஞர் ஆனார். அமெரிக்காவில் கிறிஸ்டின் ராஸ் என்பவர் 1899 இல் நியூயார்க் மாநிலத்தின் சான்றிதழைப் பெற்றார்.

இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞர் ஆவதற்கு இருந்த தடையை 1923 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற அ. லலிதா 1940-களில் பொறியியலாளர் ஆனார். இவ்வரிசையில் கணக்கியல் துறைக்குரியவர் சிவபோகம். மேரி ஹாரிசு சுமித்துக்கு முன் நின்ற தடை பெண் என்பது. சிவபோகத்துக்கு முன் நின்ற சட்டத் தடையோ சிறை சென்றவர் என்பது. இந்த வேறுபாடு குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்த நாட்டுக்கே உரியது.

மறைவும் நினைவும்

சிவபோகம் 1966 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் மறைந்தார். அப்போது இவருக்கு வயது 58.

தனித் தொழில் தொடங்கிய 1937 முதல் மறைவு வரை இவர் வாழ்ந்த 29 ஆண்டுகளில் கணக்காளர் தொழில் அரசின் பதிவேட்டிலிருந்து தன்னாட்சிக் கழகமாக வளர்ந்தது. இன்று கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை நான்கு இலட்சத்தைக் கடந்துள்ளது. இவர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். 1933 இல் இவ்வெண்ணிக்கை ஒன்று.

வல்லுநர் குழு ஒன்றின் ஆலோசனை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அதில் யார் அமர்கிறார்கள் என்பதையும், அது யாருக்குப் பொறுப்பாக உள்ளது என்பதையும் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. 1932 ஆம் ஆண்டு அமைப்புமுறையில் சிவபோகம் போன்ற ஒருவருக்கு இடம் இல்லை. நீதிமன்றத்தின் வழியாகவே இவர் உள்ளே வர முடிந்தது. 1955 இல் இவரே ஆலோசனை மன்றத்தின் தலைமை இடத்தில் அமர்ந்தார். அவ்விடத்தில் இருந்தபோதே, தமக்குப் பின் வரும் பெண்களுக்கான பரிசையும் நிறுவினார்.

வாழ்க்கைக் குறிப்பு

* 1907 - ஜூலை 23 அன்று பிறப்பு
* 1933 - ஜி.டி.ஏ. தேர்வில் தேர்ச்சி; முதல் பெண் கணக்காளர்
* 1937 - சென்னையில் தனித் தொழில் தொடக்கம்
* 1949 - பட்டயக் கணக்கறிஞர் சட்டம், கழகத்தின் தோற்றம்
* 1952 - தென்னிந்திய வட்டார மன்றம் தொடக்கம்
* 1955 - 1958 - வட்டார மன்றத் தலைவர்
* 1956 - பெண் தேர்வர்களுக்கான பரிசு நிறுவல்
* 1966 - ஜூன் 14 அன்று மறைவு